வேலைக்கு நடுவே ஜெபம்

புத்தலப்பட்டிலிருந்து சித்தூருக்கு வேலைக்கு ஓடுகிறவர்கள் ஜெபிக்க நேரமில்லை என்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஓய்வு கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் அந்த நாள் வரவே வராது.

வேலைக்கு நடுவிலும் ஜெபிக்கலாம் என்பதற்கு முன்மாதிரி உண்டு. திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை 1921-இல் தொடங்கிய சவரிராயன் யேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் இருவரும் மருத்துவர்கள். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தபடியே ஜெப வாழ்க்கையும் நடத்தினார்கள். திராவிடக் கோயில் பாணியில் ஜெபாலயம் எழுப்பினார்கள். குளித்தலை அருகே, காவிரிக்கரையில் 1950-இல் உருவான சாந்திவன ஆசிரமத்திலோ காலையிலும் மாலையிலும் தியானத்துக்கென்றே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட ஜெபத்தை வீட்டில் தொடங்குவது எளிது. அடுப்பு பற்றவைக்குமுன் சுவிசேஷத்தில் நாலு வசனம், நிதானமாக இருமுறை. பிறகு ஐந்து நிமிட மௌனம். மனதில் தங்கிய வசனத்தைப் பேருந்திலும் அசைபோடலாம்.

ஞாயிறு ஆராதனையோடு நின்றுவிடாமல் சபைகள் இந்தப் பழக்கத்தைப் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும்.