எதுகையைக் காதால் தேடுவோம்

இடைநிலைப்பள்ளி மாணவர்களாகிய நாம் இரு மொழிகளில் கவிதை படிக்கிறோம். மலாய் வகுப்பில் பந்துன். பெரும்பாலும் நான்கு அடிகள். முதலடியும் மூன்றாமடியும் ஒரே ஓசையில் முடியும். இரண்டாமடியும் நான்காமடியும் அப்படியே. தமிழ் வகுப்புக்கு வந்ததும் பலர் குறளிலும் அடியின் இறுதியிலேயே அந்த ஓசையைத் தேடுகிறார்கள். கிடைக்காதபோது, தமிழில் 'ரைம்' இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தமிழில் அது பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் இருக்கிறது. அடிகளிலோ சீர்களிலோ முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை. முதலெழுத்து அளவில் ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. 'பாட்டு', 'கூட்டு' எதுகையாகும். 'பட்டு', 'பாட்டு' எதுகையாகாது. ஒன்று குறிலில் தொடங்குகிறது, மற்றது நெடிலில். இறுதியில் ஒன்றி வருவது இயைபு. இம்மூன்றையும் தொல்காப்பியச் செய்யுளியலே வகுத்துச் சொல்லிவிட்டது.

இவை வெறும் அலங்காரம் அல்ல. பாட்டை மனத்தில் வைத்துக் காத்த காலத்தில், அடுத்த சொல்லை நினைவுக்கு இழுத்து வந்தது ஓசைதான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியைப் பாருங்கள். லாபிஸ் வட்டாரத்தில் செம்பனைக் குலைகளை ஆண்டு முழுவதும் வெட்டுகிறார்கள். ஆடி மாதத்துக்காக இங்கு யாரும் காத்திருப்பதில்லை. ஆனாலும் அந்தப் பழமொழி கடல் கடந்து வந்து, இன்னும் நம் நாவில் இருக்கிறது. அதில் 'ஆடி', 'தேடி' என்ற எதுகைக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று நம்மில் பலருக்கு எதுகை என்பது தேர்வுத்தாளில் கோடிட்டுக் காட்டும் எழுத்து மட்டுமே. செய்யுளை ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காமல் புள்ளி வாங்கிவிடலாம். காது பழகாததால், எழுதும்போதும் தடுமாறுகிறோம். முதலடி 'அன்னை' என்று தொடங்கிவிட்டதால், இரண்டாமடியில் தேவையே இல்லாமல் ஒரு 'தென்னை' முளைக்கிறது. பொருளை இழுத்துப் பிடிக்க வேண்டிய ஓசை, பொருளைக் கெடுத்துவிடுகிறது. புதுக்கவிதை இந்தக் கட்டாயத்தை உதறியது நியாயமே. ஆனால் அறிந்து உதறுவது வேறு, அறியாமலே விடுவது வேறு.

பந்துன் 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மலாய்த் திருமணங்களிலும் மேடைகளிலும் இன்றும் அது உரக்கச் சொல்லப்படுகிறது. நம் செய்யுளுக்கும் அந்த வாழ்வு வேண்டும். ஆசிரியர்கள் கோடிடச் சொல்லும் முன், இருமுறை உரக்கப் படிக்கச் சொல்லட்டும். மாணவர்களே, நீங்கள் எழுதிய கவிதையையும் அப்படியே படித்துப் பாருங்கள். எந்தச் சொல் ஓசைக்காக மட்டும் வந்து நிற்கிறது என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.