சாலையில் கிடக்கும் சாட்சி

காட்டு வழியாகப் போகும் சாலையில் ஒரு மான் லாரியில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறது. சிலர் "ஐயோ, பாவம்!" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சிலர் கறிக்கு ஆகுமா என்று பார்க்கிறார்கள். யாரோ ஓரமாக இழுத்துப் போடுகிறார்கள். அதோடு கதை முடிந்தது!

அப்படி முடிந்துவிடக் கூடாது. அந்த உடலுக்குள் ஒரு செய்தி இருக்கிறது. காட்டில் என்ன நோய் பரவுகிறது, ஆற்றில் என்ன விஷம் கலக்கிறது என்பதை அது சொல்லும். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

நீர்நாயின் ஈரல்

பிரிட்டனில் அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டின் வேல்ஸ் பகுதியில் கார்டிஃப் என்ற நகரம் உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தார், செத்துப்போன நீர்நாய்களைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறார்கள். ஆற்று மீனைத் தின்று வாழும் பிராணி நீர்நாய். சேகரித்தவற்றில் பெரும்பாலானவை சாலையில் மோட்டார் மோதிச் செத்தவை. வழியில் பார்க்கும் பொதுமக்களே தகவல் கொடுக்கிறார்கள்.

உடலை நிறுத்து, அளந்து, அறுத்துப் பார்க்கிறார்கள். என்ன தின்றது, என்ன நோய் இருந்தது, வயிற்றில் என்ன புழு என்று எல்லாவற்றையும் குறித்து வைக்கிறார்கள்.

2007 முதல் 2009 வரை கிடைத்த 50 நீர்நாய்களின் ஈரலைச் சோதித்தார்கள். முடிவு 2022-ல் வெளியாயிற்று. ஐம்பதிலும் ஒரு வகை ரசாயனங்கள் இருந்தன! ஒட்டாத தோசைக்கல், நனையாத துணி, தீயணைக்கும் நுரை ஆகியவற்றைச் செய்யப் பயன்படுபவை அவை. எளிதில் அழியாதவை. நீர்நாய் குடிக்கும் ஆற்றை நம்பித்தான் மனிதனும் வாழ்கிறான். ஆகவே இது நீர்நாய்க்கு மட்டும் வந்த செய்தி அல்ல.

அதே நாட்டில் பேட்ஜர் என்று ஒரு பிராணி உண்டு. வளை தோண்டி வாழும். 1971-ல், செத்துக் கிடந்த ஒரு பேட்ஜரின் உடலில் மாடுகளுக்கு வரும் காசநோய் இருந்தது தெரிந்தது. அதன்பின் சாலையில் அடிபட்ட பேட்ஜர்களைச் சோதித்து, நோய் எந்தெந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இதற்காக உயிரோடு உள்ள ஒரு பிராணியையும் கொல்ல வேண்டியதில்லை.

குரங்கு தந்த எச்சரிக்கை

செத்த விலங்கு எச்சரிப்பதை நம் நாடும் கண்டிருக்கிறது. 1957-ல், இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அக்கம்பக்கத்துக் கிராமத்தாருக்கும் கடும் காய்ச்சல் கண்டது. விஞ்ஞானிகள் ஆராய்ந்து, அது ஒரு புது வைரஸ் என்று கண்டார்கள். குரங்கு செத்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கிவிடும். அங்கே விறகு பொறுக்கப் போகிறவர்களைக் கடிக்கும். "குரங்குக் காய்ச்சல்" என்று இதை அழைக்கிறார்கள்.

2012-ல் இந்நோய் பந்திப்பூர்க் காட்டிலும் தலைகாட்டியது. பந்திப்பூருக்கு அடுத்தது முதுமலை. நம் நீலகிரி மாவட்டம்!

சாலையில் கிடக்கும் குரங்கோ நரியோ வண்டி மோதித்தான் செத்திருக்கலாம். ஆனால் அது நோயினால் தள்ளாடி வந்து அடிபட்டதா, நல்ல நிலையில் அடிபட்டதா என்று பார்வைக்குத் தெரியாது. டாக்டர் பார்த்தால்தான் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன?

பொதுமக்கள் செய்ய வேண்டியது சுலபம். செத்த விலங்கைத் தொடாதீர்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். வெறிநோய் கண்ட விலங்கின் எச்சிலே ஆபத்து. கறிக்காக எடுப்பதும் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறுதலாகக் கொல்லப்பட்ட காட்டு விலங்கும் அரசாங்கத்தின் சொத்து. இடத்தைக் கவனித்து, வன இலாகாவுக்குத் தகவல் சொன்னால் போதும்.

மற்றது அரசாங்கத்தின் வேலை. காட்டுச் சாலைகளில் அடிபட்டுச் சாகும் விலங்குகளைப் புதைப்பதற்கு முன் கால்நடை டாக்டர் சோதிக்க வேண்டும். புலிக்கும் யானைக்கும் மட்டும் அல்ல, நரிக்கும் குரங்குக்கும் இது நடக்க வேண்டும். எந்த மைலில், எந்த மாதத்தில், எந்த விலங்கு செத்தது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கு இருந்தால்தான் வேகத்தடை எங்கே போடுவது என்று தெரியும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் சத்தியமங்கலம் காட்டுச் சாலையில் வந்ததே இரவுக் கட்டுப்பாடு, அதுபோல் வேறு எங்கே தேவை என்றும் தெரியும்.

செத்த மான் பிழைத்து வராது. ஆனால் அது சொல்வதைக் கேட்டால் மற்ற மான்கள் பிழைக்கும். காட்டோரத்துக் குடும்பங்களும் பிழைக்கும்.