துண்டுச் சீட்டு இன்னும் ஒழியவில்லை

ஒரு ஆலையை விட்டு விலகிய தொழிலாளி இன்னொரு ஆலையின் வாசலில் போய் நின்றால் முதலில் கேட்கப்படுவது என்ன? அறுந்த நூலை ஒட்டத் தெரியுமா, மெஷின் ஓட்டத் தெரியுமா என்பதல்ல. "முன்பு எங்கே வேலை பார்த்தாய்? அங்கிருந்து லெட்டர் உண்டா?" என்பதுதான். லெட்டர் இருந்தாலும் போதாது. பழைய மானேஜருக்கு டெலிபோன் போகிறது. "அந்த ஆளா? சங்கத்து ஆளாயிற்றே!" என்று ஒரு வார்த்தை வருகிறது. "நாளை வா" என்கிறார்கள். அந்த நாளை வருவதே இல்லை.

காரைக்கால் மக்களுக்கு இது புதிதா? 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்துதான் நம் முன்னோர்கள் ரெயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பிரெஞ்சுக் குடியேற்றத் தீவுகளில் 1852-ஆம் வருஷத்து உத்தரவு ஒன்று, தொழிலாளியின் கையில் ஒரு சிறு புத்தகத்தைத் திணித்தது. ஒரு வருஷ ஒப்பந்தமும் இல்லாமல், அந்தப் புத்தகமும் இல்லாமல் அகப்பட்டவனை நாடோடி என்று பிடித்துத் தண்டித்தார்கள்.

அதே காலத்தில் தஞ்சைச் சீமையிலிருந்தும் மற்ற ஜில்லாக்களிலிருந்தும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை இதைவிடக் கொடியது. அங்கே அதன் பெயர் 'துண்டு'. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். "இவன் பேரில் இவ்வளவு கடன், கட்டினால் விடுகிறேன்" என்பது அதன் வாசகம். புதிய துரை பணத்தைக் கட்டுவான்; கடன் தொழிலாளியின் தலையில் ஏறும். பேரத்தில் கங்காணிக்கு லாபம். கையில் துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டமும் சேர்க்காது. நற்சான்று என்ற பெயரில் நடந்தது மனித வியாபாரமே! 1921-இல்தான் சட்டம் போட்டு இதைத் தடுத்தார்கள்.

பிரான்சிலும் 1803-ஆம் வருஷச் சட்டத்தால் தொழிலாளிகளுக்கு இத்தகைய புத்தகம் இருந்தது. 1890 ஜூலை 2-ஆம் தேதிச் சட்டம் அதை ஒழித்தது. ஒழித்ததோடு நிற்கவில்லை. வேலையை விட்டு விலகுபவர் கேட்டால் முதலாளி சான்று தந்தே தீர வேண்டும். அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை இம்மூன்று மட்டுமே இருக்க வேண்டும் என்றது. குணம் நல்லதா, கொடி பிடித்தாரா என்று எழுத முதலாளிக்கு உரிமை இல்லை. நாம் கேட்பதும் இதைத்தான். இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

நம் நாட்டில் நிலைமை என்ன? 1946-ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகள், நிரந்தரத் தொழிலாளி வேலை நீக்கம் செய்யப்பட்டாலும் ஓய்வு பெற்றாலும் சர்வீஸ் சர்டிபிகேட் பெற உரிமை உண்டு என்றன. நிரந்தரத் தொழிலாளிக்கு! பதிலி, தினக்கூலிகளின் கதி? 2025 நவம்பர் 21 முதல் அமலாகியிருக்கும் புதிய சட்டத் தொகுப்பு, நிலையாணை வேண்டிய இடங்களின் வரம்பை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்திவிட்டது. காண்டிராக்ட் தொழிலாளி கேட்டால் காண்டிராக்டர் அனுபவச் சான்று தர வேண்டும் என்று இன்னொரு தொகுப்பு சொல்கிறது. கேட்டால்! மறுநாள் வேலைக்கு அதே காண்டிராக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டியவர் எப்படி வாய் திறப்பார்?

விவசாயத் தொழிலாளி தோழர்கள் இது ஆலைக்காரர் விஷயம் என்று எண்ண வேண்டாம். மிராசுதார் சீட்டு எழுதுவதில்லைதான்; டீக்கடையில் அவர் சொல்லும் ஒரு வார்த்தை போதும், அடுத்த வயலில் நடவுக்கு ஆள் வேண்டாம் என்பார்கள். வயலில் வேலையற்ற மாதங்களில் திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! நல வாரியத்தில் பதிய, முந்திய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். அந்த 90 நாளுக்குக் கையெழுத்துப் போட மேஸ்திரி மறுத்தால் பிள்ளையின் படிப்புதவியும் போகிறது, விபத்து உதவியும் போகிறது.

ஆகவே விலகும் நாளில் கணக்குத் தீர்க்கும்போதே சான்றையும் கையில் தர வேண்டும். பதிலிக்கும் தினக்கூலிக்கும் தர வேண்டும். தேதியும் வேலையும் தவிர வேறு வார்த்தை அதில் கூடாது. டெலிபோனில் பேசி ஒருவரின் பிழைப்பைக் கெடுப்பது தொழிலாளர் விரோதச் செயல் என்று சட்டம் சொல்ல வேண்டும். இதைப் புதுச்சேரி சர்க்கார் விதியாக்கும் வரை தோழர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்கமும் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் போனஸுடன் இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். சான்று மறுக்கப்பட்டவர்கள் பெயர், தேதி, ஆலை விவரத்தை எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். அந்த மனுக்களை ஒன்றாகக் கட்டி லேபர் ஆபீசரின் மேஜையில் வைப்போம்.