ஒரே மேசையில் அமர்க!

இரு தரப்பையும் கேளாது அளிக்கப்படும் தீர்ப்பை நீதியென்று எவரேனும் ஏற்பாரோ? ஆயின், புற்றுநோயாளரின் உயிர் வழக்கில் நாம் அதனையே பொறுத்திருக்கின்றோம்.

தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்தோர் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. கைதடியிலோ சித்த போதனா வைத்தியசாலை இயங்குகின்றது. நோயாளர் இரு மருத்துவத்தையும் நாடுவர். ஏச்சுக்கு அஞ்சி ஒன்றை மற்றதற்கு மறைப்பர். சில மூலிகைகள் ஈரலின் தொழிலை மாற்றிப் புற்றுநோய் மருந்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. எனவே, இம்மறைப்பு உயிருக்கே உலை வைக்கும்.

மூலிகையை இகழ்வோர் ஒன்றை உணர்தல் வேண்டும்: வின்பிளாஸ்டின் எனும் புற்றுநோய் மருந்து, நம் முற்றத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்தே 1958இல் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்டது. மூலிகையே போதுமென்போரும் உணர்க: 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நோய் பரவாத நிலையிலேயே மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியோர் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காகக் காணப்பட்டது.

ஆதலின், சத்திரசிகிச்சை நிபுணரும் கதிர்ச்சிகிச்சை நிபுணரும் தாதியரும் சித்த வைத்தியரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே ஏட்டில் எழுதுக. இறுதிப் பொறுப்புப் புற்றுநோய் நிபுணருடையதாகுக. இதற்குப் புதுக் கட்டிடம் வேண்டா, மனம் வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று, நோயாளரின் உரிமை!