தோற்றாலும் எங்கள் அணி!

86 ஆண்டுகள் ஓர் அணி பட்டம் வெல்லவில்லை. ஆனாலும் ஊர் அதைக் கைவிடவில்லை!

அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு நகரம். அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயர் "ரெட் சாக்ஸ்". சிவப்புக் காலுறை என்று பொருள். பேஸ்பால் என்பது, கிரிக்கெட்டைப் போல, மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டம்.

1918-ம் ஆண்டில் ரெட் சாக்ஸ் நாட்டின் பெரிய பட்டத்தை வென்றது. அடுத்த வெற்றி 2004-ல்தான் வந்தது! அதைப் பார்க்காமலே பலர் கண் மூடிவிட்டார்கள். அணியின் கொடியைக் கொண்டுபோய்த் தந்தையின் கல்லறையில் வைத்த பிள்ளைகள் உண்டு.

ஊரே பாடியது

இவர்களுடைய மைதானம் "பென்வே பார்க்". 1912-ல் திறந்தது. எட்டாவது சுற்றின் நடுவே, "ஸ்வீட் கரோலின்" என்ற பாட்டை ஒலிபெருக்கியில் வைப்பார்கள். கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும்.

2013 ஏப்ரல் 15-ந் தேதி, பாஸ்டன் மாரத்தான் ஓட்டப் பந்தயத்தில் குண்டுகள் வெடித்தன. 3 பேர் இறந்தார்கள். 200-க்கு மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். ஊரே கலங்கியது.

5 நாள் கழித்து பென்வே பார்க்கில் மறுபடியும் ஆட்டம் நடந்தது. எட்டாவது சுற்றில், முன் அறிவிப்பு இல்லாமல் ஒருவர் மைதானத்தில் வந்து நின்றார். அந்தப் பாட்டைப் பாடிப் புகழ் பெற்ற நீல் டயமண்ட்! மைக்கைப் பிடித்து அவர் பாட, ஊரும் கூடவே பாடியது.

இசைத்தட்டு இருக்கும்போது, பாடகர் எதற்கு?

துக்க வீட்டுக்குக் கடிதம் போட்டால் போதுமா? நேரில் போவதுதானே ஆறுதல்!

ஜெயித்தவனைக் கொண்டாட ஊர் உலகமே வரும். தோற்றபோதும், அழுதபோதும் பக்கத்தில் நிற்பதுதான் உண்மையான ஊர்ப்பற்று.