வசையா, வழிகாட்டலா?



கல்லூரி அணியில் சிறப்புற ஆடிவந்த இளைஞன் ஒருவன், திடீரெனப் பந்தைத் தொடவும் மனமின்றி ஒதுங்குவதுண்டு. "சோம்பல் பிடித்துவிட்டது" என நாம் எளிதில் தீர்ப்பிட்டு விடுகிறோம். உளநூலார் அவ்வாறு அவசரப்படுவதில்லை. உடலும் உள்ளமும் ஓய்ந்துபோதல், எத்துணை முயன்றும் எதையும் சாதிக்கவில்லை என்னும் எண்ணம், நேற்றுவரை உயிராய் நேசித்த ஆட்டத்தின்மேல் வெறுப்பு ஆகிய மூன்றும் கூடிய நிலையாக அது இருக்கலாம் என்பர். பயிற்சி மிகுதியும் தேர்வுச் சுமையும் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் பயிற்சியாளரின் நாவுக்கும் இதில் பங்குண்டு.

அது எங்ஙனம்? தவறினால் வசை விழும் என அஞ்சுபவனின் கண் பந்தின்மேல் நிலைப்பதில்லை. பயிற்சியாளரின் முகத்தையே நாடுகிறது. தசைகள் இறுகுகின்றன, கை தவறுகிறது, வசை மீண்டும் விழுகிறது. இவ்வச்சம் நாள்தோறும் தொடருமாயின், அது சோர்வில் முடிவது வியப்பன்று.

"கண்டிக்காவிடில் கட்டுப்பாடு வருமா?" எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளராய் விளங்கியவர் ஜான் வூடன். 1964 முதல் 1975 வரை 10 முறை அவரது அணி அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றது. அவரது இறுதிப் பருவமான 1974-75இல், தார்ப், கலிமோர் என்னும் உளநூலார் இருவர் ஆடுகளத்தின் ஓரம் அமர்ந்து, பயிற்சியின்போது அவர் பேசியவற்றை வகைப்படுத்திக் குறித்தனர். 2,300க்கு மேற்பட்ட குறிப்புகளில் ஏறத்தாழப் பாதி, எதை எவ்வாறு செய்வது என்னும் நேரடிப் போதனையே. வெறும் கண்டனம் நூற்றுக்கு 7 அளவே, புகழ்ச்சியும் அவ்வளவே. பிழை கண்டவிடத்துச் சரியான முறையைச் செய்துகாட்டுவார். வீரன் செய்த பிழையையும் காட்டுவார். மீண்டும் சரியானதையே காட்டி முடிப்பார். ஆகவே, அங்கே கண்டிப்பும் இருந்தது. அதனோடு வழியும் இருந்தது.

இளம் சிறுவரிடத்தும் இதுவே உண்மை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்மித், ஸ்மோல் ஆகியோர் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர் சிலர்க்கு, முயற்சியைப் பாராட்டவும், பிழைத்தவனை ஊக்கித் திருத்தவும் சில மணி நேரம் கற்பித்தனர். 1992இல் வெளியான அவர்தம் ஆய்வின்படி, இவர்களிடம் பயின்ற சிறுவருள் அடுத்த ஆண்டு ஆட்டத்தை விட்டு விலகியோர் நூற்றுக்கு 5 பேர். கற்பிக்கப்படாத பயிற்சியாளரிடம் பயின்றோருள் 26 பேர்!

பெற்றோரே, ஆடி முடித்து இல்லம் திரும்பும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது யாது? "வென்றாயா?" என்பதன்றோ? இனி "இன்று என்ன கற்றாய்?" எனக் கேட்டுப் பார்ப்போம். உறக்கம் கெட்டு, பயிற்சி நாள் வந்தாலே வயிற்றுவலி என்று முடங்குவானாயின், அவனைக் கடியாது, அருகில் அமர்ந்து செவிமடுப்போம். தேவையெனில் ஓய்வளிப்போம், மருத்துவரையும் நாடுவோம். களத்தில் ஒருவர் வசைபாடினால், இல்லத்திலும் அதே குரல் அவனை வரவேற்க வேண்டுமா?