போகச்சார் உருவானது எப்படி? 18 வயதில் ‘பெரிய டீம்’ தேடுபவர்களுக்கு ஒரு பதில்

நான்கு முறை டூர் டி பிரான்ஸ் பட்டம் (2020, 2021, 2024, 2025). சைக்கிள் பந்தய உலகில் இன்று எல்லாரும் தேடுவது ‘அடுத்த தாதே போகச்சார்’ யார் என்பதைத்தான். அதனால் 17, 18 வயதுப் பசங்களையே பெரிய அணிகள் வளைத்துப் போடுகின்றன. ஆனால், போகச்சார் அப்படி வந்தவர் இல்லை!

தொடக்கம் எங்கே?

ஸ்லோவேனியாவின் கொமெண்டா என்ற சிறிய ஊர்க்காரர். 1998-ல் பிறந்தவர். அண்ணன் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்து, 9 வயதில் லியூப்லியானாவின் ‘ரோக்’ கிளப்புக்குப் போனார். அவர் உயரத்துக்குச் சின்ன சைக்கிள் கிடைக்காமல் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒருமுறை பயிற்சியாளர் ஆந்த்ரேய் ஹாப்ட்மன் பந்தயத்துக்குத் தாமதமாக வந்தார். பெரிய பசங்களுக்குப் பின்னால் ஒரு பொடியன் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தான். ‘பாவம், பின்தங்கிட்டான்’ என்று நினைத்தார். விசாரித்தால், அவர்களை ஒரு சுற்று முந்தி, பின்னாலிருந்து மறுபடி பிடிக்கப் போகிறானாம்!

அப்புறம் ஏன் காத்திருந்தார்?

திறமை அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தும் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள் உள்ளூர் மூன்றாம் நிலை அணியிலேயே ஓட்டினார். 2018-ல், 23 வயதுக்குட்பட்டோருக்கான முக்கியப் பந்தயமான டூர் டி லவெனீரை வென்றார். முந்தைய ஆண்டு அதை வென்றவர் எகன் பெர்னால். இருவருமே அடுத்த இரண்டு ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸை வென்றார்கள்.

2019-ல் யுஏஇ அணி. அதே ஆண்டு கலிஃபோர்னியா டூரில் பட்டம், ஸ்பெயினின் வுவெல்டாவில் மூன்று ஸ்டேஜ் வெற்றி, மூன்றாம் இடம். 2020 டூரில் கடைசிக்கு முந்தைய நாள், சக நாட்டவர் ரோக்லிச்சைவிட 57 விநாடி பின்னால் இருந்தார். அன்றைய டைம் ட்ரயல் முடிந்தபோது 59 விநாடி முன்னால்! 22-வது பிறந்தநாளுக்கு முந்தைய தினம் பாரிஸில் கோப்பை.

அவசரப்பட்டால் தப்பா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. பெல்ஜியத்தின் ரெம்கோ எவெனெபூல் 2019-ல் ஜூனியரிலிருந்து நேராகப் பெரிய அணிக்குத் தாவினார். 2024 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். ஆனால் அவரும் விதிவிலக்குதான். அவரை மாதிரியாக வைத்து எடுக்கப்படும் எல்லாருக்கும் அந்த உடம்பும் மனசும் இருக்காது.

நடுவில் இருக்கும் படி காலியானால், 20 வயதில் மெதுவாக மலர்பவர்களுக்கு இடம் ஏது? இந்தப் படியைக் காக்கத்தான், 2025 முதல் உலக சாம்பியன்ஷிப்பின் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதல் இரண்டு நிலை அணிகளின் வீரர்களுக்கு அனுமதி இல்லை.

போகச்சாரின் கால்கள் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால், அவருக்குக் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகளை எந்த இளம் வீரருக்கும் கொடுக்கலாம்.